ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடச் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு ரேஷன் கடையைப் பற்றியோ சத்துணவைப் பற்றியோ பேச்செடுத்தால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சரி, ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் நடுநிலை கிடையாது. இந்தத் திட்டங்களைச் சுருக்கக் கூடாது, இன்னும் ஒழுங்காக நடத்த வேண்டும் என்ற கட்சி. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

அரிசியைச் சும்மா கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?

முதலில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். நாளுக்கு 170 கிராம்கூட வராது. கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகிற ஒரு பெண்ணுக்கு அது ஒரு வேளைக்குக் காணும், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஒன்றரை வேளை. பருப்பு, காய், எண்ணெய், சிலிண்டர், வாடகை, பிள்ளைகளின் பஸ் செலவு எல்லாம் அப்புறம் இருக்கிறது. இதை நம்பி வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்கும் ஒரு குடும்பத்தை யாராவது காட்டினால் நானும் போய்ப் பார்க்கத் தயார்.

உண்மையில் நடப்பது வேறு. வீட்டில் அரிசி இருக்கிறது என்ற தைரியத்தில் ஒருவர் அடிமாட்டுக் கூலிக்குப் போக மாட்டேன் என்று சொல்ல முடிகிறது. "முன்ன மாதிரி வேலைக்கு ஆள் கிடைக்கிறதில்லைங்க" என்று அலுத்துக்கொள்பவர் பெரும்பாலும் கூலி கொடுக்கிற இடத்தில் இருப்பவர் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவருக்கு அது குறையாகத் தெரிகிறது. எனக்கு அது இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய பலன்களில் ஒன்றாகத் தெரிகிறது.

சரி, ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? மாடி வீட்டுக்காரருக்கும் எதற்கு?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

1997 வரை இந்தியாவில் ரேஷன் கொள்கை அளவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. அந்த வருடம் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரித்து, கீழே இருப்பவர்களுக்கு மட்டும் மலிவு விலை என்று மாற்றியது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 2005-ல் திட்டக் கமிஷனே நடத்திய மதிப்பீட்டில், மானியத் தானியத்தில் 58 சதவீதம் எந்த ஏழைகளுக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று வந்தது. பட்டியல் போட்டதிலேயே தப்பு, அதற்கு மேல் திருட்டு.

ஏன் அப்படி? ஏழை யார் என்று கணக்கெடுப்பது லேசான காரியம் இல்லை. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. ஆட்டோ ஓட்டுபவருக்கும் பூ கட்டி விற்பவருக்கும் என்ன சீட்டு இருக்கிறது? சர்வேக்கு வருகிறவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து மிக்ஸி இருக்கிறது, பைக் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவார். அந்த பைக்குக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பதும், அதுதான் அவருடைய பிழைப்பு என்பதும் படிவத்தில் வராது. போன வருடம் நன்றாக இருந்த குடும்பம் ஒரு விபத்தில், ஒரு ஆபரேஷனில், ஒரே மாதத்தில் கீழே வந்துவிடும். பட்டியலோ ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது திருத்தப்பட்டால் பெரிய விஷயம். பட்டியலில் சேர யாரையாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், யாரையும் தெரியாத ஆள்தான் முதலில் வெளியே நிற்பார். நிஜமான ஏழை பெரும்பாலும் அவர்தான்.

தமிழ்நாடு 1997-ல் அந்த வழிக்குப் போகவில்லை, எல்லாருக்கும் என்பதையே வைத்துக்கொண்டது. 2016 நவம்பர் 1 அன்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும் விடவில்லை; மத்திய அரசின் கணக்கில் வராத குடும்பங்களுக்கான செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டது. மாடி வீட்டுக்காரர் பெரும்பாலும் வரிசையில் நிற்பதே இல்லை, அல்லது சர்க்கரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வேண்டாதவர் தானாக விலகிக்கொள்கிறார், அரசு யாரையும் விலக்கத் தேவையில்லை.

இன்னொன்று. வாத்தியார் வீட்டிலும் கிளார்க் வீட்டிலும் அதே கடைப் பருப்பைத்தான் வாங்குகிறார்கள் என்றால், பருப்பில் கல் இருந்தால் உடனே சத்தம் வரும், மனு போகும், பத்திரிகையில் செய்தி வரும். ஏழை மட்டும் வாங்குகிற கடையில் யார் குரல் கொடுப்பது? கொடுத்தாலும் யார் கேட்பது?

கார்டில் என்னென்ன வகை? எனக்கு என்ன கார்டு என்று எப்படித் தெரியும்?

ஸ்மார்ட் கார்டின் மேலேயே குறியீடு அச்சாகியிருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழைக் குடும்பம், மாதம் 35 கிலோ. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாதது, ஆனால் தமிழ்நாட்டில் அரிசி உண்டு. கடைசியில் எஸ் இருந்தால் சர்க்கரை கார்டு, என்.சி. என்றால் எந்தப் பொருளும் இல்லாத கார்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி முன்னுரிமை, அந்தியோதயா கார்டுகளில் வீட்டில் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணைத்தான் குடும்பத் தலைவியாகப் போட வேண்டும். பலருக்கு இது தெரியாது.

ரேஷன் அரிசியைக் கடத்தி விற்கிறார்களே, அது வீண்தானே?

கடத்தல் நடக்கிறது. மறுப்பதற்கு இல்லை. பக்கத்து மாநிலங்களுக்குப் போகிறது, மில்லில் மறுபடி தீட்டப்பட்டு வேறு பெயரில் மூட்டையாகி வருகிறது, மாவாகவும் போகிறது. இதைப் பிடிப்பதற்கென்றே போலீசில் குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை தனியாக இருக்கிறது. ஆனால் லாரி லாரியாகப் போவதையும், ஒரு பாட்டி மூன்று கிலோவை விற்றுப் பேரனுக்குப் பால் வாங்குவதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முதலாவது திருட்டு, அதற்குக் குடோனிலிருந்து கடை வரை ஆள் வேண்டும். இரண்டாவது, அந்த வீட்டுக்கு அரிசியைவிடப் பாலும் பருப்பும்தான் அவசரம் என்று நமக்குச் சொல்கிறது. கடத்தலைக் காரணம் காட்டிக் கடையையே மூடச் சொல்பவர்கள், வரி ஏய்ப்பு நடக்கிறது என்று வருமான வரித் துறையை மூடச் சொல்வதில்லை.

அரிசிக்குள் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று வீடியோ வருகிறதே?

அது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவத்தில் அச்சில் வார்த்து எடுக்கிறார்கள். சாதாரண அரிசி நூறு பங்குக்கு இது ஒரு பங்கு கலக்கப்படும். முறத்தில் புடைக்கும்போது நிறம் சற்று வேறாக, வழவழவென்று தனியாகத் தெரியும். ஊறப் போட்டால் சிலது மிதக்கும். உடனே பொறுக்கி வெளியே எறிந்துவிடுகிறார்கள், சத்தையே எறிகிறோம் என்று தெரியாமல். இதில் அரசின் மேலும் எனக்குக் கோபம் உண்டு: வீடு வீடாக வாங்கும் ஒரு பொருளை மாற்றும்போது கடை வாசலில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா? தலசீமியா மாதிரி ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

இவ்வளவு தொல்லை எதற்கு, பணமாகக் கொடுத்துவிடலாமே?

இதற்குப் பதில் தேட வெளிநாடு போக வேண்டாம், புதுச்சேரிக்குப் போனால் போதும். அங்கே 2015-ல் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று மாற்றினார்கள். பிறகு அரிசியா பணமா என்று முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே வருடக்கணக்கில் இழுபறி. மக்கள் அரிசிதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, மூடிக் கிடந்த ரேஷன் கடைகளை மறுபடி திறந்தார்கள்.

பணம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, மகளிர் உரிமைத் தொகை மாதிரி ரேஷனோடு கூடச் சேர்ந்து வந்தால் நல்லதுதான். ஆனால் அரிசிக்குப் பதிலாக வந்தால் சிக்கல் தொடங்குகிறது. மளிகைக் கடையில் விலை ஏறினால் பணம் ஏறாது, ஒரு கிலோ என்றும் ஒரு கிலோதான். கணக்கில் விழும் பணத்தைப் பழைய கடனுக்கு வங்கி பிடித்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர் டாஸ்மாக்குக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் கடையில் அரிசி வரவில்லை என்றால் ஐம்பது பேரும் சேர்ந்து கேட்பார்கள். கணக்கில் பணம் ஏறவில்லை என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வங்கியில் போய் நின்று, மேனேஜரைப் பார்க்க முடியாமல் திரும்ப வேண்டியதுதான்.

கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

வருடக்கணக்கில் கல் உடைத்த கை, பாத்திரம் தேய்த்த கை, வயதான கை, இவற்றில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். அம்மா கட்டைவிரலைச் சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார், மெஷின் சிவப்பு காட்டும், விற்பனையாளர் அடுத்த விரல் என்பார், பத்து விரலும் முடிந்துவிடும், பின்னால் வரிசை முணுமுணுக்கும். ரேகை இல்லாதது அவர் குற்றம் இல்லை. கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்பத்தில் கார்டில் பெயருள்ள வேறொருவர் ரேகை வைக்கலாம். கடைக்கு வரவே முடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரை நியமித்து எழுதிக் கொடுக்கலாம், அதற்கான படிவம் இருக்கிறது. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் கார்டு ரத்தாகி மாதக்கணக்கில் ரேஷன் வரவில்லை, பசியில்தான் போனாள் என்றார்கள் வீட்டார். அதிகாரிகள் மலேரியா என்றார்கள். எது கடைசி அடியாக இருந்தாலும், கார்டு ரத்தான வீட்டில் சோறு இல்லை என்பதைக் கணினி யாருக்கும் சொல்லவில்லை. தொழில்நுட்பம் வேண்டாம் என்று இல்லை, அது வேலை செய்யாத நாளில் பொருளைக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

"ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். மூன்று தடவை அலைந்தாகிவிட்டது.

ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி. கடைக்காரரோடு சண்டை போட்டுப் பெரும்பாலும் பலனில்லை. அவருக்கே குடோனிலிருந்து குறைவாக வந்திருக்கும், மூட்டையில் எடை குறைந்தால் அவர் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும், அவருடைய சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சரி, அதற்காக விட்டுவிட வேண்டியதும் இல்லை. கார்டில் பதிவான போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பில் போட்டதும் குறுஞ்செய்தி வரும். பருப்பு வாங்காமலே வாங்கியதாக வந்தால் அதை அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. 1967 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கலாம், 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. தேதி, கடை எண், என்ன பொருள், எத்தனை கிலோ, இவ்வளவையும் சொல்லுங்கள். பொதுவாகத் திட்டினால் புகாராகப் பதிவாகாது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

முன்னுரிமை, அந்தியோதயா கார்டுக்காரர்களுக்கு இன்னொரு ஆயுதமும் உண்டு. சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, உரிய தானியத்தைக் கொடுக்காவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி, அதாவது பணம், கொடுக்க வேண்டியது மாநில அரசின் கடமை. இதை யாரும் கேட்பதில்லை. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினால் ஆபீஸில் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போகிறார்களா, சாப்பிடப் போகிறார்களா?

இரண்டுக்கும்தான். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு ஏறாது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. 1956-ல் காமராஜர் அதை மாநிலம் முழுக்க எடுத்துப் போனார், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார், 1989-ல் கருணாநிதி காலத்தில் முட்டை வந்தது, 2022 செப்டம்பர் 15 அன்று ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கினார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் முந்தைய ஆட்சியின் சாப்பாட்டுத் திட்டத்தை நிறுத்தவில்லை, மேலே ஒன்றைச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டு அரசியலில் இப்படிச் சொல்லக்கூடிய விஷயம் வேறு எத்தனை இருக்கிறது?

1982-ல் இதைச் செலவு, வீண் என்று சொன்னவர்கள் நிறைய. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. அப்புறம் 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது: பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்தது. சாப்பிட்டது அம்மா, பலன் தெரிவது பிள்ளையின் உயரத்தில். இந்த மாதிரி பலனை ஐந்து வருட ஆட்சிக் கணக்கில் எப்படிக் காட்டுவீர்கள்?

வெளியூரில் வேலை செய்கிறேன். அங்கே வாங்க முடியுமா?

தமிழ்நாட்டுக்குள் என்றால் ஊருக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வேறு கடையில் கேட்டுப் பாருங்கள். வேறு மாநிலம் என்றால் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் முன்னுரிமை, அந்தியோதயா கார்டுகளுக்குத் தானியம் உண்டு. தமிழ்நாடு 2020 அக்டோபரில் அதில் சேர்ந்தது. இங்கே கட்டிட வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களுக்கும் அதே உரிமை இருக்கிறது, ஆனால் அவர்களில் பலருக்குச் சொல்ல ஆள் இல்லை. குடும்பத்தின் பங்கில் ஒரு பகுதியை இங்கே அவர் வாங்கிக்கொள்ளலாம், மிச்சம் ஊரில் இருப்பவர்களுக்கு.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?

நம் வரியிலிருந்து. தமிழ்நாட்டின் உணவு மானியம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். பெரிய தொகைதான். ஆனால் வரி கட்டுவது நீங்களும் நானும் மட்டும் என்று நினைக்காதீர்கள். சோப்பு வாங்கும் ஒவ்வொருவரும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார், பூ விற்பவர் உட்பட. இந்தப் பணமும் கடலில் கரைவதில்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் டெல்டா விவசாயி நெல்லைப் போட்டுவிட்டு விலை வாங்குகிறாரே, அந்த நெல் போய்ச் சேரும் இடம் இந்தக் கடைகள்தான். ரேஷனைச் சுருக்கினால் கொள்முதலும் சுருங்கும். பொருளாதார அறிஞர்கள் ழான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2009-10 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தபோது, இந்தியக் கிராமங்களின் வறுமை இடைவெளியை, அதாவது ஏழைகள் வறுமைக் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறார்கள் என்பதை, ரேஷன் 18 முதல் 22 சதவீதம் வரை குறைத்திருந்தது. தமிழ்நாட்டில் அதைவிடப் பல மடங்கு.

அப்படியானால் இதில் குறையே இல்லையா?

நிறைய இருக்கிறது. அரிசி வந்துவிடுகிறது, பருப்பும் பாமாயிலும்தான் மாதக் கடைசி வரை இழுக்கின்றன, அல்லது அடுத்த மாதத்துக்குப் போகின்றன. ஏழை வீட்டில் இன்று பற்றாக்குறை பெரும்பாலும் புரதத்தில், ஆனால் சண்டையெல்லாம் அரிசியைச் சுற்றியே நடக்கிறது. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள், அதை மற்ற மாவட்டங்களுக்கும் கேட்க வேண்டும். கடை நேரமும் சரியில்லை: காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் கடைக்கு, எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் பெண் எப்படி வருவார்?

எங்கள் வீட்டில் வேலை செய்பவருக்குக் கார்டே இல்லை. நான் என்ன செய்யலாம்?

இதுதான் உருப்படியான கேள்வி. ஏன் இல்லை என்று முதலில் கேளுங்கள். பழைய கார்டில் மாமியார் வீட்டில் பெயர் மாட்டிக்கொண்டிருக்கும். புருஷன் விட்டுப் போயிருப்பார், கார்டு அவரிடம் இருக்கும். அல்லது வாடகை வீட்டுக்காரர் கரண்ட் பில் நகலைக் கொடுக்க மாட்டேன் என்றிருப்பார். முதலில் பழைய கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும், பிறகு ஆதாரும் முகவரிச் சான்றும் வைத்து இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இ-சேவை மையத்திலும் செய்யலாம். விசாரணைக்கு வருபவர்கள் தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்த நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, வட்ட வழங்கல் அலுவலரைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். வீட்டு உரிமையாளரிடம் பேசுவதையும் நீங்களே செய்யலாம், அவர் சொன்னால் கேட்காதவர் நீங்கள் சொன்னால் கேட்கக்கூடும். அப்புறம், அவர் ஆபீசுக்கு அலையும் நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.